பயனருக்குத் தெரியாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மென்பொருள் வடிவமைப்புக் கட்டுரையில், 'தனக்கு என்ன வேண்டும் என்பது பயனருக்கே தெரியாது' என்று ஒரு வரி. பத்தொன்பது ஆண்டுகளாகப் பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிவித்தமைக்கு நன்றி.

பழைய மென்பொருள் கறுப்புத் திரைதான், அழகில்லை. ஆனால் டேப், என்டர், டேப் என்று கை தானாகப் போகும். கண் எதிரில் நிற்பவர் முகத்தில் இருக்கும். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸ். பிறந்த தேதிக்கு ஒரு நாள்காட்டி விரியும். 1951இல் பிறந்தவர் வந்தால், மாதம் மாதமாகப் பின்னால் அழுத்திக்கொண்டே போக வேண்டும், ஆண்டுக்குப் பன்னிரண்டு அழுத்தல். "என்னம்மா, நான் அவ்வளவு கிழவனா?" என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாக முடித்தால் 'நேரம் முடிந்துவிட்டது' என்று எல்லாம் அழிந்துபோகும். முன்கூட்டியே எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது. யார் படிக்கிறார்கள்?

வடிவமைப்புக் குழு வராமல் இல்லை. வந்தார்கள், மேலாளர் அறையில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். போகிற போக்கில் என் கவுன்ட்டரையும் எட்டிப் பார்த்தார்கள். மானிட்டர் ஓரத்தில் ஐந்து மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தேன்: 'சேமிக்கும் முன் பேக் அழுத்தாதே', 'கைபேசி எண்ணில் இடைவெளி விடாதே', இப்படி. அவர்களில் ஒருவர், "இதையெல்லாம் எடுத்துடலாமே மேடம், பார்க்க நல்லா இல்ல" என்றார். அவர் தேடி வந்ததெல்லாம் அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது. படிக்கவில்லை.

1992 அக்டோபரில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி அமைப்பு வந்த வேகத்தில் தடுமாறியதும், அதைப் பயன்படுத்த வேண்டிய ஊழியர்களைச் சரியாகச் சேர்த்துக்கொள்ளாததை விசாரணை அறிக்கை குறை சொன்னதும் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்.

இதைத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. உங்கள் இணையதளத்தின் கடிதப் பெட்டி 500 எழுத்தோடு நின்றுவிடுகிறது. அதிலும் 'க்' என்றால் அதற்கு இரண்டு எழுத்து. புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. தமிழ் இதழின் பெட்டிக்குத் தமிழ் எண்ணத் தெரியவில்லை. அதையாவது சரிசெய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு 'பயனர்'