காசு செட்டிங் நேரத்தில் இருக்கிறது: ஓசூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

அம்பத்தூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு பெங்களூருவிலேயே வேலை அமைந்ததும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைக்கு முன்னால் ஷெட்டின் ஷீட் மாற்றும் வேலை பாக்கி, அவ்வளவுதான்.

நீ கேட்டிருந்த கேள்வி நியாயமானது. தரையில் மஞ்சள் கோடு போட்டாயிற்று, சுவரில் போர்டு மாட்டியாயிற்று, கஸ்டமர் ஆடிட்டில் மார்க்கும் வாங்கியாயிற்று. லீன், லீன் (வீணைக் குறைக்கும் டொயோட்டா பாணி உற்பத்தி முறை) என்கிறார்களே, காசு எங்கே என்கிறாய். காசு உன் ஷெட்டிலேயே இருக்கிறது. தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் நடுவில் அடுக்கி வைத்திருக்கும் பின்களில் (பீஸ் போட்டு வைக்கும் பெட்டிகளில்) இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழி செட்டிங் நேரத்தில் தொடங்குகிறது, அதாவது பிரஸ்ஸில் ஒரு டையை (தகட்டை வடிவமாக அடிக்கும் அச்சை) கழற்றி, அடுத்ததை மாட்டி, முதல் நல்ல பீஸ் வரும்வரை ஆகும் நேரத்தில். கோடும் போர்டும் தப்பில்லை, ஆனால் அவற்றால் மட்டும் ஒரு பின்கூடக் குறையாது.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். 160 டன் பிரஸ் ஒன்று, அதில் ஆறு பார்ட் ஓடுகிறது. ஒவ்வொன்றும் வாரத்துக்கு 3,000 வேண்டும். கையால் பிளாங்க் (அளவாக வெட்டிய தகடு) வைத்து மணிக்கு 500 அடித்தால், 18,000 பீஸுக்கு 36 மணி. டை மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆவதால் வாரத்துக்கு ஒரு பார்ட்டுக்கு ஒரு செட்டிங்தான் கட்டுப்படியாகும். அது ஆறு தடவை, 9 மணி. ஆக 45 மணி. சாப்பாடு, டீ போக ஷிப்டில் கையில் நிற்பது 460 நிமிடம், ஆறு நாளைக்கு 46 மணி. பிரஸ் நிரம்பிவிட்டது.

இப்போது செட்டிங் 15 நிமிடத்துக்கு வந்துவிட்டது என்று வை. இங்கேதான் பெரும்பாலான ஷாப் தடம் மாறுகிறது. "வாரத்துக்கு ஏழரை மணி மிச்சம், இன்னும் கொஞ்சம் அடித்துத் தள்ளுவோம்" என்று போய்விடுகிறார்கள். கஸ்டமர் கேட்காத பீஸை அடித்தால் ஸ்டாக்தான் ஏறும். அதே 9 மணியை அப்படியே செட்டிங்குக்குக் கொடு. 36 செட்டிங் கிடைக்கும். ஆறு பார்ட்டையும் தினமும் ஓட்டலாம். ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பேட்ச் 3,000-லிருந்து 500-க்கு இறங்கும். நடுவில் நிற்கும் சரக்கு சராசரியாகப் பேட்ச்சில் பாதி என்று பிடித்தால், ஆறு பார்ட்டுக்கும் சேர்த்து 9,000 பீஸ் இருந்த இடத்தில் 1,500. பீஸ் 40 ரூபாய் என்றால் 3,60,000 ரூபாய் 60,000 ஆகிறது. ஒரே பிரஸ்ஸில் 3 லட்சம் கைக்கு வருகிறது.

அந்த 3 லட்சத்துக்கு வங்கி வட்டி என்ன பெரிய தொகை என்று நீ கேட்பாய். உண்மைதான், வட்டியை மட்டும் பார்த்தால் பெரிதில்லை. பெரிய லாபம் ஸ்கிராப்பில் இருக்கிறது. டையில் ஓட்டை போடும் பஞ்ச்சின் முனை உடைந்து ஒரு ஓட்டை சின்னதாகப் போனால், அதை முதலில் கண்டுபிடிப்பது வெல்டிங் பிக்சரின் (பார்ட்டைப் பிடித்து வைக்கும் சட்டத்தின்) முளை அந்த ஓட்டையில் ஏறாதபோதுதான். 3,000 பேட்ச்சில் அது தெரியும்போது மீதி முழுக்க அடித்து முடிந்திருக்கும், டை கழன்று ரேக்குக்குப் போயிருக்கும், ஆபரேட்டர் வேறு பிரஸ்ஸில் இருப்பார். எந்த அடியில் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. 500 பேட்ச் என்றால் அதிகபட்ச நஷ்டம் 500. முந்தின நாள் நடந்தது ஆபரேட்டருக்கும் ஞாபகம் இருக்கும், காரணத்தைப் பிடிக்க முடியும். தரம் உயர்வது இப்படித்தான், கூடுதல் இன்ஸ்பெக்டர் போட்டு அல்ல.

செட்டிங்கைக் குறைப்பது எப்படி என்று சொல்கிறேன். இதில் வழிகாட்டி ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ. 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அதை ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு மூன்று நிமிடத்துக்கு. செட்டிங் நேரத்தை அவர் பிரித்துக் காட்டிய கணக்கு இன்றைக்கும் பொருந்துகிறது: பொருள் சேகரிப்பும் தயாரிப்பும் 30 சதவீதம், கழற்றி மாட்டுவது 5, சென்டர் பார்ப்பதும் அளவு வைப்பதும் 15, டிரையல் அடித்து அட்ஜஸ்ட் பண்ணுவது 50. பலரும் ஸ்பேனரை விட்டு நியூமேட்டிக் கன் வாங்குகிறார்கள். அது தொடுவது அந்த 5 சதவீதத்தைத்தான்.

முதலில் போனில் வீடியோ எடு. பழைய பார்ட்டின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதுப் பார்ட்டின் முதல் ஓகே பீஸ் வரைக்கும், நடுவில் நிறுத்தாமல். செட்டரை வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு செயலையும் நொடியோடு எழுது. டை தூக்கும் ஹாய்ஸ்ட் காலியாகும்வரை காத்திருந்தது, எம்16 போல்ட்டும் எம்20 போல்ட்டும் கலந்து கிடந்த டப்பாவில் தேடியது, கேஜ் (அளவு பார்க்கும் கருவி) தரச் சோதனை ரூமில் இருந்தது, இன்ஸ்பெக்டர் வரும்வரை நின்றது எல்லாம் அதில் தெரியும். இவற்றில் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடியதை முன்னாடியே முடித்துவிட வேண்டும். அடுத்த டை, கிளாம்ப், போல்ட், கேஜ், பிளாங்க் எல்லாம் ஒரே டிராலியில், செட்டிங்குக்கு அரை மணி முன்னால் பிரஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. இந்த ஒன்றிலேயே செட்டிங் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், பாதிகூடப் போகலாம்.

அடுத்தது டையில் செய்யும் வேலை. ஆறு டைக்கும் ஷட் ஹைட் (மூடிய நிலையில் டையின் உயரம்) ஒன்றாக இருக்கும்படி அடியில் பேரலல் பிளேட் போட்டு நிரந்தரமாகப் போல்ட் அடி. கிளாம்ப் உட்காரும் உயரமும் எல்லா டையிலும் ஒன்றாகட்டும். அப்போது ஒரே நீளப் போல்ட், ஒரே ஸ்பேனர் போதும். பாட்டம் பிளேட்டில் யு ஸ்லாட் வெட்டினால் நட்டை முழுக்கக் கழற்றத் தேவையில்லை, ஒரு சுற்றுத் தளர்த்தினால் டை வெளியே வரும். போல்ஸ்டரில் (டை உட்காரும் பிரஸ் மேசையில்) இரண்டு லொகேட்டிங் பின் (இடம் பிடிக்கும் முளை), டையின் பின்பக்கம் அதற்கேற்ற வெட்டு. தள்ளினால் சென்டர் உட்கார்ந்துவிடும். ராம் (மேலும் கீழும் போய் அடிக்கும் பாகம்) அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொடவே கூடாது. அந்த 50 சதவீதம் கரைவது இதில்தான்.

இது மூன்று மாதத்தில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மழுங்கிய பஞ்ச்சை ரீகிரைண்ட் பண்ணும்போது (மறுபடி தீட்டும்போது) 0.2 மி.மீ. போனால் அதன் நீளம் அவ்வளவு குறைகிறது. செட்டர் ராமை இறக்கிச் சரிக்கட்டுவார், பழைய அட்ஜஸ்ட்மென்ட் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். கிரைண்ட் பண்ணிய அளவுக்கு அதே தடிமன் ஷிம் (மெல்லிய தகடு) பஞ்ச்சுக்கு அடியில் போட்டு, டை ஹிஸ்டரி கார்டில் எழுதிய பிறகே டை ரேக்குக்குப் போக வேண்டும். டூல் ரூம் இதைக் கட்டாயமாகச் செய்தால்தான் 15 நிமிடம் நிலைக்கும். இன்னொன்று, அவசரத்தில் விட்டுவிடக் கூடாதது: கை டைக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைத்து, மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) பூட்ட வேண்டும். அந்த நேரத்தைக் குறைக்க யாரையும் அனுமதிக்காதே.

செட்டிங் இறங்கிய பிறகு கான்பான், அதாவது எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி அடிக்கச் சொல்லும் கார்டு முறை. அதற்கு முன்னால் வேண்டாம், கார்டு மட்டும் சுற்றும், பிரஸ் சுற்றாது. நாளைக்கு 500, நிரப்ப ஒரு நாள், 20 சதவீதம் பாதுகாப்பு, பின்னுக்கு 50 என்றால் 500 பெருக்கல் 1.2, வகுத்தல் 50. பார்ட்டுக்கு 12 கார்டு. வெல்டிங்கில் பின்னை எடுக்கும்போது கார்டு போர்டுக்கு வரும். கார்டு இல்லாமல் பிரஸ் ஓடக்கூடாது, 13-வது பின் இருக்கவே கூடாது. இதை உடைப்பது மாசக் கடைசி டிஸ்பாட்ச்தான். பில்லிங் டார்கெட்டுக்காக மேனேஜர் கார்டை ஓரம் தள்ளி ஓட்டச் சொல்வார். பீஸுக்கு இன்சென்டிவ் கொடுத்தாலும் இதே கதி. அடித்த எண்ணிக்கைக்குக் காசு தந்துவிட்டு, அடிக்காதே என்றால் ஆபரேட்டர் எப்படிக் கேட்பார்? இன்சென்டிவை மாற்றாமல் இதில் கை வைக்காதே.

வெல்டிங் செல்லைப் பற்றி ஒன்று மட்டும். 460 நிமிடம் என்பது 27,600 நொடி. 500 அசெம்பிளிக்கு வகுத்தால் 55 நொடிக்கு ஒன்று. மொத்த வேலை 190 நொடி என்றால் மூன்றரை ஆள் கணக்கு, நான்கு பேர் வேண்டும். வேலையை நான்காகச் சமமாகப் பங்கிடாதே. பங்கிட்டால் ஆளுக்கு எட்டு நொடி ஓய்வு மறைந்து போகும். மூன்று பேருக்கு 55 நிரப்பி நான்காமவருக்கு 25-ஐ விடு. அந்த 25 நொடி வேலையை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி எல்லோர் கண்ணிலும் படும்.

அப்படி ஒரு ஆள் விடுபட்டால் வேலையை விட்டு அனுப்பாதே, அதுவும் முதல் ஆளை. அனுப்பினால் அடுத்த யோசனையை எவரும் சொல்ல மாட்டார்கள், சொல்லாததில் நியாயமும் உண்டு. 1950-இல் டொயோட்டாவில் பெரிய தொழிலாளர் தகராறு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், தலைவர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். இருப்பவர்களுக்கு வேலை நிச்சயம் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு வந்ததுதான், அதன் மேல்தான் மற்றதெல்லாம் நின்றது. விடுபட்டவரில் கெட்டிக்காரரை எடுத்து அடுத்த பிரஸ்ஸின் செட்டிங் வேலையைக் கொடு.

கொரோனாவில் ஸ்டாக் இருந்தவர்தானே பிழைத்தார் என்று நீ எழுதியிருந்தது சரியான கேள்வி. டொயோட்டாவே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2011 பூகம்பத்துக்குப் பிறகு, கிடைக்க நாளாகும் சிப் போன்றவற்றில் இரண்டு முதல் ஆறு மாதச் சரக்கைக் கையில் வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021-இல் சிப் பஞ்சம் வந்தபோது மற்றவர்களைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தது. ஆகவே உன் ஷீட் ஸ்டீல் வரவு நிச்சயமில்லை என்றால் அதில் ஸ்டாக் வை, தப்பில்லை. உன் பிரஸ்ஸுக்கும் உன் வெல்டிங்குக்கும் நடுவே, ஒரே கூரைக்குக் கீழே, ஒரு வாரச் சரக்கு எதற்கு?

ஒன்றை முன்கூட்டியே உன் அக்கவுண்டன்டிடம் பேசிவை. ஸ்டாக் இறங்கும் மாதங்களில் லாபக் கணக்கு மோசமாகத் தெரியும். சரக்கின் மதிப்பில் ஷாப்பின் வாடகை, சம்பளம், தேய்மானம் ஒரு பங்கு ஏறியிருக்கும். சரக்கு கரையும்போது அந்தப் பழைய செலவும் இந்த மாதக் கணக்கில் வந்து விழும். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அந்தச் சமயத்தில் சி.சி. (வங்கியின் கேஷ் கிரெடிட் கடன்) கணக்கின் பாக்கியையும், ஆர்டர் வந்து சரக்கு கிளம்ப எத்தனை நாள் என்பதையும் பார். அவை பொய் சொல்லாது.

கன்சல்டன்ட் செலவுக்கு மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) லீன் திட்டம் இருக்கிறது. 2023 மார்ச்சில் புதுப்பித்தார்கள். பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று மூன்று நிலை, அமலாக்கச் செலவில் 90 சதவீதம் அரசு தரும் என்று அறிவித்தார்கள். அந்தத் தொழில்களுக்கான உத்யம் அரசுப் பதிவு உனக்கு இருக்கிறதே, இப்போதைய நிலவரத்தைப் போர்ட்டலில் பார்த்துக்கொள். வருகிறவர் பிரஸ் பக்கத்தில் ஒரு முழு ஷிப்ட் நிற்பாரா என்று மட்டும் முதலில் கேள்.

ஆறு பார்ட்டையும் ஒரே நேரத்தில் தொடாதே. அதிகம் ஓடும் இரண்டு டையை எடுத்து, அவற்றின் செட்டிங் வீடியோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கூடவே ஷட் ஹைட், பாட்டம் பிளேட் அளவு, போல்ஸ்டரின் டி ஸ்லாட் இடைவெளி மூன்றும் எழுதி அனுப்பு, பேரலல் பிளேட்டுக்கு டிராயிங் போட்டு வைக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவராமன்