பனிக்காலமும் மின்சாரக் காரும்

ஒஸ்லோ

அன்பு மச்சான்,

முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்து நீ நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் துரொண்ட்ஹைமில் படிக்கிறாள். அதனால் இந்தப் பனிக்காலம் முழுக்க எங்களுக்கு அந்த 500 கிலோமீற்றர் ஓட்டந்தான்.

கனடாக் குளிருக்கு மின்சாரக் கார் சரிவருமோ என்று கேட்டிருந்தாய். சரிவரும். நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள்தான். ஆனால் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் இவ்வளவு ஓடும் என்று கொம்பனி சொல்லும் தூரத்தைப் பனிக்காலத்தில் நம்பாதே. நாஃப் என்ற வாகன ஓட்டுநர் சங்கம் இங்கே ஒவ்வொரு பனிக்காலமும் பல கார்களைப் பற்றரி தீரும்வரை ஓட்டிப் பார்க்கும். 2024இல் ஒரு காருக்குக் கொம்பனி சொன்ன தூரத்தில் 6 வீதமளவில்தான் குறைந்தது, இன்னொன்றுக்கு 32 வீதம். நான் எப்போதும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே வெளிக்கிடுவேன்.

பெற்றோல் எஞ்சின் பாதிக்கு மேல் சூடாகவே வீணாக்கும். அந்த வீண் சூட்டில்தான் இவ்வளவு காலமும் குளிர்காய்ந்தோம். மின்சார மோட்டரில் அது மிஞ்சாது. ஹீற்றருக்கும் பற்றரிதான் கொடுக்க வேண்டும். அதனால் நெடும்பயணத்தைவிடக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமான சின்ன ஓட்டங்கள்தான் கிலோமீற்றருக்குக் கூடத் தின்னும். விறைத்த காரை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடாக்க வேண்டுமே. ஹீற் பம்ப், அதாவது வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்துக் குறைந்த கரண்டில் காரைச் சூடாக்கும் கருவி, உள்ள காராகப் பார்.

அடுத்தது சார்ஜ். கடுங்குளிரில் பற்றரிக்குள் உள்ள திரவம், போத்தலில் உறையப்போகும் தேங்காயெண்ணெய் மாதிரித் தடிக்கும். அந்த நேரம் வேகமாக ஏற்றினால் லிதியம், பற்றரிக்குள் அதைத் தாங்கும் கிராஃபைற் என்ற கரிப்பொருளுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து, பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. துரொண்ட்ஹைம் போகும் வழியில், டோவ்ரெ மலைக்கு ஏறுமுன் டொம்போஸ் என்ற ஊரில் நிற்போம். அங்குள்ள சார்ஜரை முன்கூட்டியே நவிகேஷனில் போட்டுவிட்டால், போய்ச் சேர்வதற்குள் கார் பற்றரியைச் சூடாக்கி வைத்திருக்கும். போனமுறை பக்கத்தில் ஒருவர், இரவு முழுக்கப் பனியில் நின்ற காரைக் கொண்டுவந்து செருகினார். திரையில் சார்ஜ் ஏறும் வேகம் 20 கிலோவாற்றும் காட்டவில்லை. நாங்கள் கோப்பி குடித்துவிட்டு வெளிக்கிடும்போதும் மனிசன் அங்கேயே நின்றார்.

உன் முழங்காலுக்காக ஒன்று: மின்சாரக் காரில் அக்சிலேற்றரை விட்டாலே மோட்டர் காரை இழுத்துப் பிடித்து, அதில் வரும் கரண்டைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். பற்றரி குளிர்ந்திருந்தால் அந்தக் கரண்டை ஏற்காது, காரும் வழக்கம்போல் இழுத்துப் பிடிக்காது. முதல் கொஞ்சத் தூரம் பிரேக்கை நன்றாக மிதிக்க வேண்டிவரும். கால் முழுதாகத் தேறுமுன் ஓட்டாதே.

இதெல்லாம் பழகிவிடும். இரவில் கார் நிற்கும் இடத்தில் சார்ஜ் ஏற்ற உனக்கென்று ஒரு கரண்ட் லைன் இல்லையென்றால் மட்டும் இப்போதைக்கு வாங்காதே. கனடாவின் சாதாரண 120 வோல்ற் பிளக்கில் 1.4 கிலோவாற் அளவில்தான் வரும். சைபருக்குக் கீழே 20 பாகையில் அதில் பெரும்பங்கு பற்றரியைச் சூடாக்கவே போய்விடும். 240 வோல்ற் லைன் வேண்டும். அது இருந்தால் விடிய, பிளக்கைக் கழற்றுமுன்பே வீட்டுக் கரண்டில் காரைச் சூடாக்கிக்கொண்டு வெளிக்கிடலாம்.

உங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ் பார்க்கிங்கில் லைன் இழுக்க விடுவார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டு எழுது. எந்தக் கார் என்பதைப் பிறகு கதைப்போம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்