பாப்பாவுக்கு, அந்தச் சிவப்பு ரிப்பன் பற்றி

திண்டுக்கல்,
7 பிப்ரவரி 2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "பாட்டுக்காரர் பாபி வைனை அன்றைக்கு ரவுடி என்றுதானே சொன்னீர்கள், இப்போது மட்டும் ஏன் டிவியை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள்" என்று. அம்மா பக்கத்தில் இருந்தாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். அப்புறம் ஒரு வாரமாக அதே நினைப்புதான். ஃபேஸ்புக் உகாண்டாவில் இன்னும் திறக்கவில்லை என்கிறாய், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

முதலில் ரிப்பன் விஷயம். 2017 செப்டம்பரில் நீ ஸ்கூலில் இருந்து கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாய். 'டோகிக்வாடாக்கோ', அதைத் தொடாதே என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம். 75 வயதுக்கு மேல் யாரும் ஜனாதிபதி தேர்தலில் நிற்கக் கூடாது என்ற அரசியல் சட்ட விதியை எடுக்கப் பார்த்தார்கள், எடுத்தால்தான் ஜனாதிபதி முசேவேனி மறுபடியும் நிற்க முடியும். 1986-இல் இருந்து அவர்தான் ஆள்கிறார். அந்த விதியைத் தொடாதே என்பதற்குத்தான் ரிப்பன். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன், கத்தவும் செய்தேன். "அந்தக் கஞ்சாப் பாட்டுக்காரன் பின்னால் போவதற்கா உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தை நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்கு நினைவிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் எதுவும் இல்லை, பயம்தான். என் முதலாளி குஜராத்திக்காரர். 1972-இல் அப்போதைய ஜனாதிபதி இடி அமீன் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களைத் துரத்தியபோது அவர் சின்னப் பையன், பெட்டியோடு விமானம் ஏறியதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். முசேவேனி வந்த பிறகு போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பறித்த கட்டடங்களையும் கொடுத்தார்கள். அதனால் இந்தியக் கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வியாபாரத்தைப் பார், அரசியல் பேசாதே. நாம் 2001-இல் போனவர்கள், 1972 நமக்குக் கதைதான். ஆனாலும் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கம்பாலாவில் நாம் குடியிருந்த கொலோலோ மேட்டில் இருந்து இறங்கினால் கம்வோக்யா. மேலே தூதரகங்களும் பெரிய பங்களாக்களும், கீழே தகரக் கொட்டகைகளும் மழை வந்தால் நிரம்பும் சாக்கடையும். அங்கே வளர்ந்தவர்தான் ராபர்ட் கியாகுலானி, அதாவது பாபி வைன். 1982-இல் பிறந்தவர், மகெரேரே பல்கலைக்கழகத்தில் இசையும் நாடகமும் படித்தவர். அவர் படித்தவர் என்பதே எனக்கு 2018-இல்தான் தெரியும். அதுவரை சடைமுடி, பெரிய கார், 'கெட்டோ பிரசிடென்ட்' (சேரியின் ஜனாதிபதி) என்ற பட்டம், என் கண்ணுக்குப் பட்டது அவ்வளவுதான்.

நம் கடையில் சுமை தூக்கிய பையனை ஞாபகம் இருக்கிறதா, உனக்கு ரோலெக்ஸ், அந்த முட்டை சப்பாத்தி ரோல், வாங்கித் தருவானே. அவனும் கம்வோக்யாதான். 2017 ஜூன் 29-ஆம் தேதி கியாடோண்டோ கிழக்கு இடைத்தேர்தல் அன்று அவன் லீவு கேட்டான். உனக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே கிடையாதே என்றேன். "ஓட்டு இல்லை பாஸ், பார்க்க வேண்டும்" என்று போடா போடா (பைக் டாக்சி) பிடித்து அந்தத் தொகுதியில் இருக்கும் கசங்காட்டிக்குப் போய்விட்டான். ஆளும் கட்சிக்கும் பெரிய எதிர்க்கட்சிக்கும் வேட்பாளர் இருந்த தொகுதி, பாபி வைன் சுயேச்சை, வாங்கியது நூற்றுக்கு 77-க்கும் மேல். பாராளுமன்றம் கெட்டோவுக்கு வராவிட்டால் கெட்டோ பாராளுமன்றத்துக்கு வரும் என்று அவர் சொன்னதை அந்தப் பையன் மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே மூட்டை தூக்கினான்.

பாராளுமன்றத்தில் போய் என்ன செய்தார்? செப்டம்பரில் சபைக்குள் நாற்காலி பறந்ததையும் இவர் கையில் மைக் ஸ்டாண்ட் இருந்ததையும் நாம் டிவியில் பார்த்தோம். பார், ரவுடி என்று சொன்னேன் அல்லவா என்றேன். ஆனால் அன்றைக்கு சாதா உடையில் ஆட்கள் உள்ளே புகுந்து உறுப்பினர்களை இழுத்துக்கொண்டு போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வயது விதி பற்றித் தொகுதி மக்களிடம் கருத்துக் கேட்க என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 2 கோடியே 90 லட்சம் ஷில்லிங் கொடுத்தார்கள், எதிர்க்கட்சியில் பலர் திருப்பிக் கொடுத்தார்கள். டிசம்பரில் 317-க்கு 97 என்று விதி போய்விட்டது.

அப்புறம் வடக்கே அரூவா ஊர். 2018 ஆகஸ்ட் 13, இன்னொரு இடைத்தேர்தல். இவர் வேறு ஒருவருக்காகப் பிரசாரத்துக்குப் போனார். ஜனாதிபதியின் வண்டிமேல் கல் விழுந்தது என்றார்கள், அன்று மாலையே இவருடைய டிரைவர் காருக்குள் சுடப்பட்டுச் செத்துப்போனார். இவரைப் பிடித்து குலு நகரில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், ஒரு எம்.பி.யை! துப்பாக்கி வைத்திருந்தார் என்ற வழக்கைப் பிறகு கைவிட்டு, அன்றைக்கே தேசத்துரோகம் என்று புது வழக்குப் போட்டார்கள். ஊன்றுகோல் வைத்து அவர் நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல்முறையாக வாயடைத்துப்போனது.

இனி எழுதப்போவதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வாரம் அவரை விடச் சொல்லி, நம் கடை இருந்த கம்பாலாவில் கிசெக்கா மார்க்கெட் பக்கமெல்லாம் டயர் எரிந்தது, கடையைச் சாத்தினோம். அந்தப் பையன் அதற்குப் பிறகும் மூன்று நாள் வரவில்லை. வந்தபோது இடது கை வீங்கியிருந்தது, என்ன ஆயிற்று என்று கேட்டேன், விழுந்துவிட்டேன் என்றான். விழுந்த கை அப்படி வீங்காது என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டுதான் மாதச் சம்பளம் கொடுத்தேன். முதலாளி பிடிக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் பிடித்தேன். மற்றவர்களுக்குப் பயம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவரை மகான் என்று நான் சொல்ல வரவில்லை. ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றி அவர் பழைய பாட்டுகளில் பாடிய வார்த்தைகள் அசிங்கமானவை. 2014-இல் பிரிட்டன் விசா மறுத்தது அதனால்தான். பின்னாளில் எல்லோருடைய உரிமையையும் மதிக்கிறேன் என்றார், ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு அடி வாங்கியவன் இருந்தால் அவனுக்கு அது போதுமா? உன் சிநேகிதி இதைச் சொல்லித்தான் அவரை ஏற்க முடியாது என்கிறாள் என்றால், அவளோடு சண்டை போடாதே, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டம் இயற்றும் வேலையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை. நாலு வருடத்தில் பாதி நாள் கோர்ட்டும் லாக்கப்புமாக இருந்தவர் என்ன செய்திருக்க முடியும் என்பதும் உண்மை.

போன நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் பிரசாரத்தில் இருந்த அவரை லூக்காவில் பிடித்தபோது இரண்டு நாள் கலவரத்தில் 54 பேர் செத்தார்கள், அது அரசாங்கமே சொன்ன கணக்கு. பிறகு ஜனவரி 13 ராத்திரி உனக்கு அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது. ஐந்து நாள். இன்டர்நெட்டை நாடு முழுக்க நிறுத்திவிட்டுத் தேர்தல் நடத்தினார்கள், முசேவேனிக்கு 58 சதவீதம், இவருக்கு 35 என்றார்கள், மகெரேயில் இவர் வீட்டைச் சுற்றி ராணுவம் நின்றது. அந்த ஐந்து நாளும் நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது அவருக்காக இல்லை பாப்பா, உனக்காக. ஆனால் பார்க்கப் பார்க்க, கம்வோக்யாவில் பிள்ளையைத் தேடுகிற அப்பன்கள் எத்தனை பேர் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கூலி பிடித்ததும் நினைவுக்கு வந்தது.

இப்போது அந்த முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். நீ ஊர்வலத்துக்குப் போகாதே, நம் பாஸ்போர்ட் வேறு, பிடித்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். இதை அப்பாவாகத்தான் சொல்கிறேன். ஆனால் யார் பக்கம் நிற்பது என்பது உன் மனசு, இனி ரவுடி என்று என் வாயில் வராது.

சித்தப்பாவிடம் கொஞ்சம் பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் கிசெக்காவில் வேறு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறானாம். நீயும் கூடப் போ. மூன்று நாள் கூலி என்று சொல்லிக் கொடு, அவனுக்குப் புரியும். வாங்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, எனக்குச் சொல், நானே அவனுக்குப் போன் செய்கிறேன்.

அப்பா