அரை மணி நேர வேலையும் பதினோரு நாட்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் வாசித்தேன். கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்தக் கடிதத்தையே லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டில்தான் தட்டச்சு செய்கிறேன். ஆனால் நிறுவுவது அரை மணி நேர வேலை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறார். எனக்குப் பதினோரு நாட்கள் ஆயின.

நான் ஆவண எழுத்தர். மடிக்கணினி 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, என்னுடையதைப் போன்ற ஆறாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரை ஏற்பதில்லை. சரி, மின்ட் போடுவோம் என்று ஏறத்தாழ மூன்று ஜிபி கோப்பை இரவெல்லாம் இறக்கி, பென்டிரைவில் நகலெடுத்துச் செருகினேன். பாட்டை ஏற்றிக் கேட்பதுபோலத்தான் இதுவும் என்று எண்ணம். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வழக்கம்போல் விண்டோஸுக்குள் போய்விட்டது. நகலெடுத்தால் போதாது, கணினி அதிலிருந்தே தொடங்கும்படி ரூஃபஸ் போன்ற ஒரு செயலியைக் கொண்டு பென்டிரைவில் எழுத வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்குப் போகாமல் பென்டிரைவிலிருந்து தொடங்கு என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புத் திரை. எந்த விசையை அழுத்தினால் அது திறக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. லோகோ தோன்றி மறைவதற்குள் அழுத்தியாக வேண்டும். எஃப்2, எஃப்12, டெலிட் என்று நான் மாற்றி மாற்றித் தட்டியதைப் பார்த்த என் மனைவி, கணினிக்கா உங்களுக்கா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். டிஸ்க்கில் எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரைதான் என்னை உட்காரவைத்துவிட்டது. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவலாம், அல்லது நாமே இடம் பிரித்துக்கொள்ளலாம். என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று மூன்றாவதற்குள் நுழைந்தேன். எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ3 என்று டிஸ்க்கின் பகுதிகளுக்கு லினக்ஸ் வைத்த பெயர்களின் பட்டியல். சி, டி என்றே பழகியவனுக்கு இதில் எது எது? குடியிருக்கும் வீட்டைக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார்கள், சர்வே எண் கேட்டால் விழிப்பார்கள். என் கட்சிக்காரர்களிடம் தினமும் பார்க்கும் அந்த விழிப்பை அன்று நான் விழித்தேன். டி டிரைவில் இருப்பது ஒன்பது ஆண்டுப் பத்திர வரைவுகள். கணினியை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க ஐந்து நாட்கள் பிடித்தன.

பதினோராம் நாள் பக்கத்திலேயே நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. கட்டுரையாளர் சொன்ன அரை மணி நேரம் இதுதான் போலும்.

முடிந்தும் வைஃபை வேலை செய்யவில்லை. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் மாணவர் வந்து, தன் கைபேசியை சார்ஜர் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து அதன் வழியாக இணையம் கொடுத்தார். ஒரு நிமிட வேலை. இதை எந்தக் குறிப்பிலும் நான் படித்திருக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையையும் அவரே சேர்த்துக் கொடுத்தார்.

இதனால் லினக்ஸ் கடினம், விண்டோஸ் எளிது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம்மில் எத்தனை பேர் விண்டோஸை நம் கையால் நிறுவியிருக்கிறோம்? வாங்கும்போதே அது உள்ளே இருக்கிறது. கெட்டுப்போனால் கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார். அது ஒரிஜினலா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதே கடையில் மின்ட் போட்டுத் தரக் கேட்டேன். அதெல்லாம் நமக்கு எதற்கு அண்ணே என்று சிரித்தார்.

என் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நிறுவும் சிரமமே இல்லாமல் வீடு தேடி வந்த லினக்ஸ் அது. அதைத் திறந்து காட்ட ஆள் இல்லாததால் கடைசிவரை அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. லினக்ஸ் பயனர் குழுக்கள் கணினிகளைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நிறுவித் தரும் கூட்டங்களை நடத்தியிருக்கின்றன. மாவட்ட நூலகங்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நடந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பத்து நாட்கள் மிச்சமாகும். கடைக்காரர்களையும் அழைக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு போட்டுத் தரட்டுமே, அதில் தவறென்ன?

தங்கள் இதழும் ஒன்று செய்யலாம். லினக்ஸின் பெருமைகளை இன்னொரு முறை எழுதாமல், இடம் பிரிக்கும் அந்த ஒரு திரையை மட்டும் முழுப்பக்கப் படமாகப் போட்டு, எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்குங்கள். எழுதுபவர் முதலில் டி டிரைவை நகலெடுக்கச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.