விசைகளை அழுத்திப் பார்த்துவிட்டுப் புள்ளி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுத்து வருகிறேன். போன மாதம் நகரில் நடந்த ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு என் மாணவி ஒருத்தி பைதன் என்ற நிரல்மொழியில், சாளரமும் படமும் காட்ட அதனோடு வருகிற டிகின்டர் தொகுப்பை வைத்து ஒரு விளையாட்டு செய்து கொண்டுபோனாள். மேலிருந்து பாறைகள் வரும், அவற்றில் முட்டாமல் வள்ளத்தை ஓட்ட வேண்டும். வீட்டில் அருமையாக ஓடியது, அங்கே நடுவர்களுக்கு முன்னால் வள்ளம் அசையவே இல்லை. அந்தக் கணினியில் தமிழ் விசைப்பலகை போட்டிருந்தார்கள். வள்ளத்தை நகர்த்த நிரல் ஆங்கில 'ஏ'யையும் 'டி'யையும் எதிர்பார்க்க, போய்ச் சேர்ந்ததோ தமிழ் எழுத்துகள். இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். பிள்ளை அழுதுவிட்டாள்.

பிழை அவளுடையது மட்டுமல்ல. நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள் அதைச் சோதிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தோம். 'தொடங்கு' பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் பாறைகள் இரட்டை வேகத்தில் விழுந்தன, ஏனென்றால் டிகின்டரின் 'ஆஃப்டர்' என்ற டைமர் கட்டளை, சொன்ன நேரம் கழித்து ஒரு நிரல்துண்டை ஒருமுறைதான் அழைக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் தன்னையே திரும்பப் பதிவுசெய்யும்படி எழுதியிருந்தாள், இரண்டாவது அழுத்தலில் இன்னொரு டைமரும் கூடவே ஓடத் தொடங்கிவிட்டது. பழையதை ரத்துசெய்துவிட்டுப் புதியதைத் தொடங்கினால் சரி. அப்புறம் விசையை அழுத்திப் பிடித்தால் வள்ளம் ஓர் அடி நகர்ந்து, கொஞ்சம் தயங்கி, பிறகுதான் பாய்ந்தது. அது இயங்குதளம் விசையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிற முறை. அழுத்தியதையும் விட்டதையும் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, நகர்த்துகிற வேலையை டைமரிடம் விட வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: விசையைப் பிடித்தபடி வேறு சாளரத்துக்குப் போனால், விட்ட செய்தி நம் நிரலுக்கு வராது, திரும்பி வரும்போது வள்ளம் கரையில் முட்டிக்கொண்டு நிற்கும். டைமரும் 16 மில்லிசெக்கன் என்று கேட்டால் அதற்கு முன் வராது, பிந்தி வரலாம். பழைய கணினியில் நன்றாகவே பிந்தும். ஆகவே எத்தனை தடவை அழைத்தது என்று எண்ணாமல், உண்மையில் கழிந்த நேரத்தை அளந்து அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான்: காட்சிக்கு வைக்கிற கணினியை முதல் நாளே பிள்ளைகளிடம் கொடுங்கள். நடுவர்களே, படத்தின் அழகைப் பார்த்துப் புள்ளி போடாமல் விசைகளைத் தாறுமாறாக அழுத்திப் பாருங்கள், ஏன் அப்படி நடக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். என் மாணவி இப்போது அம்புக்குறி விசைகளுக்கு மாறிவிட்டாள், அவை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுதான்.

கணினி ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை