முதல் கதிர்க்கட்டு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்யும் யூதப் பெண் வாரங்களின் பண்டிகைக்குச் சீஸ் கேக் கொண்டுவந்தாள், அதே வாரத்தில் நமக்கும் பெந்தெகொஸ்தே வந்தது எப்படி என்று கேட்டிருந்தாய். அது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே வயலில் விளைந்தவை.

லேவியராகமம் 23-ஐ எடுத்துப் பார். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையை ஒட்டி வாற்கோதுமை பழுக்கும். முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டும்வரை புதுத் தானியத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அந்தக் கதிரை அறுத்த விதத்தை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அக்கம்பக்கத்து ஊரார் எல்லாம் கூடி நிற்பார்கள். அறுப்பவன், "சூரியன் மறைந்ததா?" என்பான். "மறைந்தது!" "இது அரிவாளா?" "அரிவாள்தான்!" "அறுக்கட்டுமா?" "அறு!" ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் கோதுமையின் முதற்பலனாகப் புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்களைப் படைப்பார்கள். அதுதான் வாரங்களின் பண்டிகை. பெந்தெகொஸ்தே என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஐம்பதாவது என்றுதான் பொருள். அப்போஸ்தலர் 2-இல், சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய அன்று, எருசலேமில் அத்தனை நாட்டு யூதர்கள் கூடியிருந்தது இந்தப் பண்டிகைக்காகத்தான்.

அப்போஸ்தலன் பவுல் கிறிஸ்துவை "நித்திரையடைந்தவர்களில் முதற்பலன்" என்கிறார், அதாவது மரித்தவர்களில் முதலில் எழுந்தவர். சிறுவயதில் அதை ஏதோ அலங்கார வார்த்தை என்றே நினைத்திருந்தேன். அறுப்பின் பண்டிகைக்கு உன் தாத்தா வயலில் முதல் நெற்கதிரை அறுத்துக் கோயிலுக்கு எடுத்துப் போவார். ஒரு தடவை, "இவ்வளவுதானா தாத்தா?" என்று நீ கேட்டாய். "மிச்சம் வயலில் நிற்கிறது, பிள்ளே" என்றார். அன்றுதான் பவுல் எனக்குப் புரிந்தார்.

ஒன்று மட்டும் கவனம். "உங்கள் பண்டிகை வெறும் நிழல், நிஜம் எங்களிடம்" என்று அந்தப் பெண்ணிடம் பேசிவிடாதே. நம்மவர்களில் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு, எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு அது சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கிடைத்த நாளும்கூட. கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது, படைக்கக் கதிர்க்கட்டு இல்லை. ஆனாலும் இன்றும் இரவுதோறும் அந்த நாற்பத்தொன்பது நாட்களை எண்ணுகிறார்கள். அந்தப் பண்டிகையில் அவர்கள் வாசிப்பது ரூத்தின் புத்தகம். அவள் வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில் பெத்லகேமுக்கு வந்து, கோதுமை அறுப்பு முடியும்வரை கதிர் பொறுக்கினாள். மத்தேயு 1-இல் இயேசுவின் வம்சத்திலும் அவள் பெயர் இருக்கிறது. ரூத்தை எந்த ராகத்தில் வாசிப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுது.

அம்மாவுக்கு ராகம் வேண்டாமாம், சீஸ் கேக் செய்முறை போதுமாம்.

அன்புடன்,
அப்பா