ஃபைபர் அறுந்தா யார் ஒட்டுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முப்படைக்கும் ஒரே நெட்வொர்க்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், ராணுவத்தோட தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ்ல 22 வருஷம் இருந்தவன், எழுதாம இருக்க முடியல.

எங்க காலத்துல தாமிரக் கம்பிதான். பனி கொட்டுற ராத்திரி லைன் செத்துடும், உடனே லைன் பார்ட்டி கிளம்பணும், கேபிள கையில உருவிக்கிட்டே அறுந்த இடம் வர்ற வரைக்கும் நடக்கணும், கிளவுஸ் போட்டா முறுக்க வராது, கழட்டினா விரல் மரத்துப்போகும், பல்லாலயே ரப்பர சீவி முறுக்கி டேப் சுத்தி டெலிபோன மாட்டிப் பாத்தா அந்தப் பக்கம் ஒரு குரல் வரும் பாருங்க, அந்த நிமிஷம் இன்னிக்கும் மறக்கல.

இப்போ எல்லாம் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை கேபிள். 3ஜிக்காக படைகள் விட்டுக்கொடுத்த அலைவரிசைக்கு பதிலாத்தான் பிஎஸ்என்எல் தனி ஃபைபர் போட்டுக் குடுக்குது, 2012ல 13,334 கோடின்னு ஒப்புதல் ஆச்சு, 2018ல அது 24,664 கோடியாச்சு. விமானப்படைக்கு 2010லயே ஏஎஃப்நெட்னு சொந்த நெட்வொர்க் வந்துடுச்சு, 2016 ஜூன்ல மூணு படைக்கும் பொதுவான டிசிஎன்ங்கற நெட்வொர்க்க அப்போ பாதுகாப்பு அமைச்சரா இருந்த மனோகர் பாரிக்கர் துவக்கி வச்சாரு. ரொம்ப நல்ல காரியம். பக்கத்துலயே இருக்கற விமானப்படைக்காரங்க கிட்ட பேச சுத்தி வளைச்சு லைன் கேட்டு உக்காந்திருந்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

ஆனா ஃபைபர பல்லால சீவ முடியாதுங்க. முடி மாதிரி கண்ணாடி இழை, நேரா வெட்டி மெஷின்ல வச்சு உருக்கி ஒட்டணும், துளி தூசி பட்டாலும் சிக்னல் குறைஞ்சிடும், அந்தக் குளிர்ல மெஷின் பேட்டரியும் சட்டுனு இறங்கிடும். அதனால எல்லையில ஒவ்வொரு யூனிட்டுலயும் இப்படி ஒட்டுற ஒரு ஸ்ப்ளைசிங் மெஷினும் அத கண்ண மூடிட்டு ஓட்டத் தெரிஞ்ச ரெண்டு பசங்களும் இருந்தே ஆகணும், கேபிள் போட்ட கம்பெனி ஆள் மலை ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது.

கீழ சமவெளியிலயும் இதே கவலைதான். எங்க ஊர்ல தண்ணி பைப்புக்குத் தோண்டின ஜேசிபி கேபிள அறுத்துப் போட்டத கண்ணால பாத்தேன், "அடியில என்ன இருக்குன்னு யாரும் சொல்லலையே ஐயா"ன்னான் டிரைவர் தம்பி, அவன் மேல தப்பில்ல. தோண்டறதுக்கு முன்னாடி தகவல் சொல்லன்னே மத்திய அரசு 2023ல ஒரு ஆப் விட்டாங்க, அதுல பதிவு பண்ணாத காண்ட்ராக்டருக்கு பில் பாஸ் பண்ணக்கூடாது.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே நெட்வொர்க்குல கொண்டு வந்தா அது படுத்தா எல்லாமே படுத்துடும். மாசத்துல ஒரு நாளாவது ஃபைபர அணைச்சுட்டு ரேடியோ செட்லயும் சாட்டிலைட்லயுமே முழு வேலையும் நடத்திப் பாக்கணும், புதுசா சேர்ற பசங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

முன்னாள் சிக்னல்ஸ் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்